யார் குடிச்சது என்று கத்திய காலை

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களுக்கு, கையில் கிடைப்பதை வைத்து வகுப்பில் செய்யக்கூடிய விஞ்ஞானச் செயற்பாடுகளைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னைக் கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் சின்ன வகுப்புகளுக்கு நான் செய்ததும் அதுதான். யோகட் கோப்பையில் அவரை முளைக்க வைப்பது, குடைக் கம்பியில் தராசு கட்டுவது எல்லாம் சொல்லலாம். ஆனால் அவை ஆசிரியர் கைநூலிலேயே இருக்கின்றன. கைநூலில் இல்லாத ஒரு காலையைப் பற்றிச் சொல்கிறேன். வேலையில் இருந்தவரை இதை நான் முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. விசாரணைக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அந்த ஒன்றரைப் பக்கத்தில் பயம் என்ற சொல்லே இல்லை.

பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. என் பாடசாலை ராகலையிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டத்தில் இருந்தது. பஸ் இறக்கிவிடும் வளைவிலிருந்து முக்கால் மணி நடை. எனக்கு அப்போது தரம் மூன்று வகுப்பு. பாடம் மிகச் சின்னப் பாடம்: தண்ணீருக்குச் சொந்தமாக வடிவம் இல்லை, ஊற்றும் பாத்திரத்தின் வடிவத்தை அது எடுத்துக்கொள்ளும். எத்தனையோ வருடம் நடத்திய பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நடத்துவேன். உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன், எனக்குக் கைநடுங்கிய பாடங்களில் ஒருநாளும் பிழை வந்ததில்லை. தூக்கத்தில் நடத்தக்கூடிய பாடத்தில்தான் வந்தது.

முதல்நாள் மணியடிக்கும் நேரத்தில் பிள்ளைகளிடம் சொன்னேன்: "நாளைக்கு ஆளுக்கொரு வெறும் போத்தலோ கோப்பையோ வீட்டுல இருந்து கொண்டாங்க. ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி இருக்கணும்."

என்ன போத்தல் என்று சொல்லவில்லை. எதைக் கொண்டுவரக் கூடாது என்றும் சொல்லவில்லை. நான் செய்த முதல் பிழை அந்த ஒரு வசனம்தான்.

மறுநாள் பதினேழு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஜாம் போத்தல், பால்மா டின், செம்பு, தங்கச்சியின் பால் போத்தல் என்று மேசை நிறைந்துவிட்டது. சாலினி என்றொரு பிள்ளை. எட்டு வயது. ஏதாவது கொண்டு வரச் சொன்னால் பெரும்பாலும் வெறுங்கையோடு வந்து கடைசி வாங்கில் ஒதுங்கி உட்கார்ந்துகொள்வாள். அவள் வீட்டில் கொண்டுவர எதுவும் இருக்காது. தகப்பன் தோட்ட வேலையை விட்டுவிட்டு, அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிலத்தில் லீக்ஸும் கரட்டும் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் கொண்டுவந்த போத்தல்தான் எல்லாவற்றிலும் அழகானது. வெள்ளைப் பிளாஸ்டிக், ஒடுங்கிய கழுத்து, பக்கத்தில் அளவுக்கோடுகள் புடைத்திருந்தன. லேபல் உரிக்கப்பட்டிருந்தது. மேலாகக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். நான் அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். "பாருங்க, சாலினி எவ்வளவு யோசிச்சுக் கொண்டு வந்திருக்கா, இதுல அளக்கவும் செய்யலாம்" என்று மெச்சினேன். அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தப் போத்தலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் சரித்தேன். தண்ணீர் வெள்ளையாக வந்தது. சுத்தமான பால் மாதிரி.

பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். பால், பால் என்று ஒரே சத்தம். கடைகளில் பால்மா கிடைக்காத மாதங்கள் அவை. பல வீடுகளில் வெறும் சாயத் தேத்தண்ணிதான். எனக்கும் அந்த வெள்ளை நிறம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. சவர்க்காரம் மிச்சம் இருந்திருக்கும் என்று நினைத்தேன். மோந்து பார்க்கவில்லை. எனக்கு இரண்டு நாளாகத் தடிமன், மூக்கு அடைத்திருந்தது, ஆனால் அதைச் சாட்டாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் செய்தது என்ன தெரியுமா? நல்ல ஆசிரியை மாதிரி, "ஏன் வெள்ளையா வந்துச்சு? யோசிச்சுக் கொப்பியில எழுதுங்க" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பாடசாலை அதிபர் ஏதோ படிவத்தில் கையெழுத்துக் கேட்டுக் கூப்பிட்டார். போனேன். ஏழெட்டு நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது வகுப்பில் தேத்தண்ணிக் கடை நடந்துகொண்டிருந்தது. நிரோஷா என்ற பிள்ளை கைலேஞ்சித் துணியை இடுப்பில் சொருகிக்கொண்டு மொதலாளியாக நின்றாள். மேசையில் வரிசையாகக் கோப்பைகள், சிலவற்றில் வெள்ளைத் தண்ணீர், நான்கு கோப்பைகள் காலி. போத்தல் மூடி தனியாகக் கிடந்தது. நான் சிரித்துக்கொண்டே கிட்டப் போய்க் குனிந்தேன். கோப்பைக்கு மேல் முகம் போன பிறகுதான் அந்த அடைத்த மூக்குக்குள்ளும் வாடை ஏறியது. அது எனக்குத் தெரிந்த வாடை. காலையில் நான் நடந்து வரும் பாதையோரம் மரக்கறிப் பாத்திகளுக்கு மருந்தடிக்கும்போது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிற அதே வாடை.

அந்த நொடியில் என் உடம்பில் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. காது அடைத்துப்போனது. பிள்ளைகள் வாயை அசைக்கிறார்கள், சத்தம் கேட்கவில்லை. என் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"யார் குடிச்சது? யார்ரா குடிச்சது இதை?"

முப்பத்தொரு வருடத்தில் நான் வகுப்பில் அப்படிக் கத்தியதில்லை. பதினேழு முகமும் ஒன்றாக உறைந்தன. நிரோஷா இடுப்பிலிருந்த லேஞ்சியை உருவிப் பின்னால் மறைத்தாள். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். குடிக்கல டீச்சர், நான் இல்ல டீச்சர். காலிக் கோப்பைகளைக் காட்டி, இதெல்லாம் எங்கே போனது என்று கேட்டேன். கீழே கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள். தரை சீமெந்துத் தரை, மழைக்காலத்தில் எப்போதும் ஈரம். கொட்டியதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. சாலினியின் தோளைப் பிடித்து உலுக்கி, இது என்ன போத்தல் என்று கேட்டேன். எண்ணெய்ப் போத்தல் என்றாள். பொய் சொன்னால் பிரம்பால் அடிப்பேன் என்றேன். என்னிடம் பிரம்பே கிடையாது. அது அவர்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகு தலையாட்டுவதும் நின்றுவிட்டது. இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள்.

சத்தம் கேட்டு அதிபர் வந்தார். அவரைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள், நல்ல மனிதர். அவருக்கும் பயம்தான். அவர் பயம் வேறு பக்கம் இழுத்தது. குடிக்கவில்லை என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள், கையையும் வாயையும் கழுவிவிடுவோம், தகப்பனுக்குப் போன் எடுத்து என்ன போத்தல் என்று கேட்ட பிறகு முடிவெடுப்போம், இல்லாவிட்டால் தோட்டமே பதறும் என்றார். எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் காலைப் பிடித்துக்கொண்டு நம்பியிருப்பேன். எல்லாருக்கும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவினோம், வாய் கொப்பளிக்க வைத்தோம். தகப்பனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி எடுத்தோம். கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு அழைத்தோம். எங்கள் பாதையில் ஏறி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

நான் கத்தியதிலிருந்து இதெல்லாம் முடியக் கால்மணி நேரம் போயிருக்கும். அந்தக் கால்மணி நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயடியில் நின்று பிள்ளைகளைப் பார்த்தேன். வரிசையாக நின்றார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர்களுக்கு விஷத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்கள் பயப்படுவது எனக்கு. நான் இப்படி நிற்கும்வரை யாரும் வாய் திறக்கப் போவதில்லை.

எல்லாரையும் வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தேன்.  குரலை முடிந்தவரை தாழ்த்திச் சொன்னேன்.

"போத்தல் கொண்டாரச் சொன்னது நான்தானே. தப்புப் பண்ணுனது டீச்சர். உங்க யாருக்கும் ஏச்சும் இல்ல, அடியும் இல்ல. கத்துனதுக்கு மன்னிச்சுக்கங்க. இப்ப அந்தத் தேத்தண்ணிக் கடையை இன்னொருக்கா எனக்கு நடத்திக் காட்டுங்க. கோப்பை எதையும் தொட வேணாம். வெறுங்கையில."

யாரும் அசையவில்லை.  பிறகு நிரோஷா மெதுவாக எழுந்து லேஞ்சியை மறுபடி இடுப்பில் சொருகினாள். வாங்க வாங்க என்றாள். ஒரு பையன் எழுந்து போனான். வெறுங்கையில் கோப்பையை வாங்கி, வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து, சன்னல் பக்கம் திரும்பித் துப்பினான். அடுத்தவனும் துப்பினான், துப்பிவிட்டு நாக்கைச் சட்டைக் கையில் தேய்த்தான். மூன்றாவதாக ஒரு பெண்பிள்ளை உதட்டில் மட்டும் வைத்துவிட்டுக் கீழே கவிழ்த்தாள். விளையாட்டு என்றதும் பிள்ளைகளுக்குப் பயம் மறந்துவிட்டது. நான் மட்டும் எழும் ஒவ்வொரு ஆளையும் விரலால் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நீ குடித்தாயா என்று நிரோஷாவைக் கேட்டேன். மொதலாளிமார் குடிக்கிறதில்லை என்றாள்.

மூன்று பேர். காலிக் கோப்பை நான்கு. நாலாவது யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். நிரோஷா சாலினியைப் பார்த்தாள். சாலினி சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் கடைக்கு வரவில்லை என்று நிரோஷா சொன்னாள். போத்தல் அவளுடையதுதானே, அவள் கடையில் வாங்கத் தேவையில்லை என்றாள். நான் சாலினியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அதிபர், மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றார். பதினேழு பேரையும் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

"மூணு பேர்தானே டீச்சர் சொல்லியிருக்காங்க?"

"சொன்னவங்க மூணு பேர் சேர். சொல்லாதவங்க எத்தனை பேருன்னு எனக்குத் தெரியாது."

 அவர் சப்பாத்தோடு சேற்றில் இறங்கி ஓடினார். அன்றைக்கு நல்ல காலம், டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் ஐயாவின் சின்ன லொறி கீழ் லயத்தில் நின்றது. டீசல் கிடைக்கும் வாரத்தில் ஒருநாள் மாவும் சீனியும் ஏற்றி வருவார், போகும்போது மரக்கறி ஏற்றிப் போவார். தோட்டத்தில் எல்லாரும் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அதிபர் சொன்னதும் ஏற்றிய லீக்ஸ் மூட்டைகளைப் பாதையிலேயே தள்ளிவிட்டு லொறியைப் பின்னோக்கியே மேலே கொண்டுவந்துவிட்டார். நான் போத்தலை எடுத்து ஷொப்பிங் பையில் சுற்றி அவர் பக்கத்தில் வைத்தேன். அதை முதலில் மலசலகூடக் குழிக்குள் போடத்தான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. போடவில்லை. அன்று காலையில் நான் சரியாகச் செய்த ஒன்றிரண்டில் அது ஒன்று. வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கொடுங்கள் என்று பாதையில் யாரோ சொன்னார்கள். அதையும் கொடுக்கவில்லை. அப்படிக் கொடுக்கக் கூடாது என்று எப்போதோ ஆஸ்பத்திரிச் சுவரில் வாசித்தது மனதில் இருந்தது.

அதிபர் பெற்றோருக்குச் சொல்லப் பாடசாலையிலேயே நின்றார். நான் பதினேழு பேரோடு லொறியின் பின்னால் ஏறினேன்.

அந்தப் பாதை உங்களில் பலருக்குத் தெரியும். வளைவுக்கு மேல் வளைவு. மூன்றாவது வளைவிலேயே ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாள். அவள் அந்தத் தண்ணீரைத் தொட்டதாக யாரும் சொல்லவில்லை. அடுத்து இன்னொருவன். பிறகு இன்னும் இரண்டு பேர். வாகனத்தில் ஏறிப் பழக்கமில்லாத பிள்ளைகள், காலையில் சரியாகச் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள், அந்தப் பாதையில் வாந்தி எடுக்காவிட்டால்தான் அதிசயம். ஆனால் எது பாதை வாந்தி, எது விஷ வாந்தி என்று எனக்கு எப்படித் தெரியும்? குனிந்து ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தேன். என் மூக்கை நானே நம்பவில்லை. கொட்டாவி விட்டவனைத் தட்டித் தட்டி எழுப்பினேன். கண்ணை மூடிய பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு பிள்ளை என் மடியில் தலை வைத்ததும் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரலை வைத்தேன். பதினேழு பேரையும் மறுபடி மறுபடி எண்ணினேன். லொறிக்குள் யார் எங்கே போய்விடப் போகிறார்கள்? ஆனாலும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

சாலினி வாந்தி எடுக்கவில்லை. அதனால் கொஞ்ச நேரம் அவளைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பிறகு பார்த்தபோது, லொறியை மூடிய படங்குக்குள் வந்த குளிர்காற்றில் மற்றப் பிள்ளைகள் விறைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. வாயோரம் எச்சில் இறங்கிச் சட்டைக் கழுத்தை நனைத்திருந்தது. அவள் அதைக் கையால் துடைத்துத் துடைத்து எனக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தாள்.

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். குடித்தாயா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே கெடுத்துவிட்டேன்.

"வயிறு வலிக்குதா சாமி?"

ஆமென்று தலையாட்டினாள்.

"எவ்வளவு உள்ளுக்குப் போச்சு?"

இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு மூடி. கடை தொடங்கும் முன்பே, மேலும் தண்ணீர் கலக்காமல், போத்தல் அடியில் கெட்டியாகத் தங்கியிருந்ததைக் கோப்பையில் ஊற்றிக் குடித்திருக்கிறாள். மற்றவர்கள் துப்பிய அந்தக் கசப்பை நீ ஏன் விழுங்கினாய் என்று கேட்டேன். அவள் சொன்னது இதுதான்.

"பூச்சி மருந்துன்னுதானே அப்பா சொல்லுவாரு. அன்னைக்கு நீங்களும் பூச்சி மருந்து குடுத்தீங்க. கசந்தாலும் துப்பக் கூடாது, முழுங்குனாத்தான் வயித்துல பூச்சி சாகும்னு சொன்னீங்க."

சொன்னேன். போன தவணை சுகாதாரப் பகுதியிலிருந்து வந்து பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்த நாளில், வகுப்பு முன்னால் நின்று அதே வார்த்தைகளைச் சொன்னேன். பயிருக்கு அடிப்பதையும் பிள்ளைக்குக் கொடுப்பதையும் நாம் ஒரே பெயரால்தான் கூப்பிடுகிறோம் என்பது ஐம்பத்தேழு வயதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

ட்ரைவர் பக்கத்துப் பலகையில் தட்டி, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நானா ஹோர்னில் வைத்த கையை ஆஸ்பத்திரி வாசல்வரை எடுக்கவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எட்டு வயதுப் பிள்ளை, அவ்வளவு கனமே இல்லை. நர்ஸ் சிங்களத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. கடைசியில் வந்தது "பெஹெத் பிவ்வா". மருந்து குடித்துவிட்டாள். அவர்கள் மொழியிலும் மருந்துக்கு அதே குழப்பம்தான். நர்ஸ் நிதானமாக, என்ன மருந்து, யார் கொடுத்தது என்று கேட்டார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த நானாதான் என்னை விலக்கிவிட்டு முன்னால் போனார்.

"பெஹெத் நெவெய் மிஸ், வஹ." மருந்தில்லை, விஷம்.

அந்த ஒரு சொல்லுக்கு அங்கே எல்லாம் மாறியது. சாலினியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஓர் இளம் பெண் டொக்டர் வந்தார். எத்தனை மணிக்குக் குடித்தாள், என்ன பெயருள்ள விஷம் என்று இரண்டே கேள்வி. போத்தலைக் கொடுத்தேன். அதிபர் அதற்குள் தகப்பனைத் தேடிப் பாத்திக்கே ஆள் அனுப்பியிருந்தார். அங்கே கிடந்த புதுப் போத்தலில் இருந்த பெயரை அதிபர் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் ஒவ்வோர் எழுத்தாக டொக்டரிடம் சொன்னேன். எழுத்துச் சொல்லும்போது மட்டும் என் குரல் நடுங்கவில்லை. அது பழக்கம்.

மற்றப் பதினாறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அதற்குள் பெற்றோர் வரத் தொடங்கிவிட்டார்கள். ட்ராக்டரில் வந்தவர்கள், குறுக்குப் பாதையில் ஓடி வந்தவர்கள், கொழுந்துக் கூடையைக்கூடக் கழற்றாமல் வந்த இரண்டு பேர். யார் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் தங்கள் பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு தகப்பன், உங்களை நம்பித்தானே அனுப்புகிறோம் என்றார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். துப்பிய இரண்டு பையன்களையும் மறுநாள்வரை வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களைப் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். சாலினியை நுவரெலியாவுக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். தாய் கூடப் போனார். ஆம்புலன்ஸில் எனக்கு இடமில்லை. இருந்திருந்தாலும் ஏறியிருப்பேனா தெரியாது.

அடுத்தநாள் பகல் நுவரெலியா வார்டுக்குப் போனேன். பிள்ளையின் முகம் சிவந்து கிடந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணின் கருமணி அகலமாக விரிந்திருந்தது, என்னைப் பார்த்தும் தெரியவில்லை. போர்வையை விரலால் கிள்ளிக் கிள்ளி எதையோ பொறுக்கிக்கொண்டு, இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருந்தாள். புத்தி போய்விட்டது என்றே நினைத்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுக்கிற ஊசி மருந்து அப்படித்தான் செய்யும், அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். அதை நம்ப எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

தாய் கட்டிலுக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"போத்தல் கொண்டாரச் சொன்னது நீங்கதானாமே டீச்சர்?"

வழி முழுக்க இதற்கு ஒரு பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். என்ன போத்தல் என்று பிள்ளை யோசித்திருக்கலாம், வீட்டில் விஷத்தைக் கை எட்டாத இடத்தில் வைத்திருக்கலாம், இப்படி. அவை பொய்யும் இல்லை.

"ஆமாங்க, நான்தான்" என்றேன்.

அவர் வாங்கில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பார்வை நேரம் முடியும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

நாலாம் நாள் பிள்ளை தாயை அடையாளம் கண்டு அம்மா என்று கூப்பிட்டாள். மூன்று கிழமையில் பாடசாலைக்கு வந்தாள். விசாரணை வந்தது. பிள்ளை தானாகக் கொண்டுவந்தது என்று எழுதினால் உங்களுக்கும் நல்லது, பாடசாலைக்கும் நல்லது என்று அதிபர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தகப்பன்கூட அப்படியே சொல்லத் தயாராக இருந்தார், அவருக்கு அவருடைய பயம். எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் அதை ஏற்றிவிட்டு மறுநாள் அவள் முன்னால் எப்படிப் பாடம் நடத்துவது? நான் கேட்டேன், அவள் கொண்டுவந்தாள் என்று எழுதினேன். என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. இருக்கட்டும்.

அதற்குப் பிறகு பரிசோதனைக்கு வேண்டியதை நானே கொண்டுபோனேன். பயிருக்கு அடிப்பதை வகுப்பில் நஞ்சு என்றுதான் சொன்னேன். இவை எல்லாம் உங்களுக்கும் தோன்றக்கூடியவை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். விஷமாக இல்லாவிட்டால் மண்சரிவாக, குளவியாக, ஏதோ ஒன்றாக வரும். அப்போது பயம் வரத்தான் செய்யும், வராதவர் இந்த வேலைக்கு வேண்டாம். ஆனால் அது உங்கள் வாயால் வெளியே வந்து பிள்ளைகள்மேல் விழுந்தால், உங்களுக்கு அந்த நேரத்தில் மிகவும் தேவையான உண்மையை அவர்கள் விழுங்கிவிடுவார்கள். முதலில் உட்காருங்கள். பிறகு கேளுங்கள்.

சாலினிக்கு எழுதும்போது வலது கை விரல் கொஞ்சம் நடுங்கும். முன்பும் அப்படித்தான் நடுங்கியதா, இதற்குப் பிறகு வந்ததா என்று எனக்குத் தெரியாது. கடைசி வாங்கில் இருந்த பிள்ளை, அவள் விரலை நான் அதற்கு முன் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நுவரெலியா பஸ் தரிப்பிடத்தில், அன்றைக்கு என்னிடம் போத்தலை வாங்கிய அந்த டொக்டரைக் கண்டேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தார். அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். தரம் ஐந்துக்கு வந்துவிட்டாள், சிங்களத்தில்கூட எழுதுகிறாள் என்றேன். சந்தோசப்பட்டார். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கால்மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் அந்த விரல் நடுங்காமல் இருந்திருக்குமா என்று கேட்பதற்கு இதைவிட நல்ல ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அன்றைக்குச் சிங்களமும் நன்றாக வந்தது. வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

ராகலை பஸ் போய்விட்டதா என்று கேட்டேன்.